கம்பி ரிம் அழகுதான், மாப்ள

நேற்று சாயங்காலம் காவிரிப் பாலத்தின் நடுவில் பைக்கின் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், அந்தப் பாலத்தில் வண்டி நின்றால் பின்னால் வருகிற ஊரே திட்டும். இருநூறு கிலோவுக்குச் சற்றே குறைந்த இரும்பை மாம்பழச்சாலை வரை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. பஞ்சர் கடைத் தம்பி டியூபை உருவிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒட்டா போட்டு வச்சிருக்கீங்க?" என்றான். நாலு ஒட்டு. ஜான்சி, பானிபட், அப்புறம் லடாக் போகிற மலைப்பாதையில் ஜிங்ஜிங்பாரில் வாங்கிய காயத்துக்கு லேயில் போட்ட இரண்டு.

அந்த நேரம் பார்த்து மச்சினனிடமிருந்து வாட்ஸப். "மாமா, உங்க வண்டி விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?" 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதில் இருந்தே அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். பாலத்தில் தள்ளிக்கொண்டு வந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? பதிலை அங்கேயே நின்று தட்டாமல் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

வண்டி வாங்கி மூன்றரை வருடம், 31,000 கிலோமீட்டர். சிசி, குதிரைத்திறன் எல்லாம் அவனுக்கே மனப்பாடம். அவனுக்குத் தெரியாதது 2024 ஜூனில் திருச்சியிலிருந்து லே போய்த் திரும்பிய 26 நாட்கள். சுமார் 7,500 கிலோமீட்டர், ஏழு பஞ்சர். ஏழும் பின் சக்கரத்தில்.

கூட வந்த நண்பன் ஓட்டியது ஒன்பது வருடப் பழைய 150 சிசி வண்டி. அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். அவனுக்கு ஒரே ஒரு ஆணி ஏறியது, குவாலியருக்கு முன்னால். ஆணி குத்தியபடியே காற்று நிற்க, பெட்ரோல் பங்க் வரை ஓட்டி வந்து, ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய ரப்பர் திரியைக் குத்தி இறக்கி, நீட்டிக்கொண்டிருந்ததை பிளேடால் அறுத்துவிட்டு, "டீ சாப்பிடலாமா?" என்றான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன்மேல் எனக்கு இன்னும் அந்தக் கோபம் உண்டு.

என் கம்பி ரிம்மில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை. அத்தனை ஓட்டை உள்ள ரிம் எப்படிக் காற்றைப் பிடிக்கும்? அதனால் உள்ளே டியூப். டியூபில் முள் இறங்கினால் காற்று வால்வு ஓட்டை வழியாகவும் கம்பி ஓட்டைகள் வழியாகவும் புஸ்ஸென்று ஓடிவிடும். யோசிக்க நேரம் தராது. பிறகு மூட்டை முடிச்சை இறக்கி, பெரிய ஸ்டாண்ட் போட்டு, ஆக்சில் நட்டைக் கழற்றி, செயினைத் தள்ளி, பிரேக்கைப் பிரித்து, சக்கரத்தை உருவ வேண்டும். ஆக்சில் நட்டுக்குரிய ஸ்பானர் வண்டியோடு தந்த டூல் பையில் இல்லை. மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி மாதிரி ஒன்று மட்டும் இருந்தது, அது எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை.

முதல் பஞ்சர் அடிலாபாத் பக்கம். நாற்கரச் சாலையில் டூவீலருக்குச் சுங்கம் இல்லை, சந்தோஷம். ஆனால் நாம் ஒதுங்கி ஓட்டுகிற இடது ஓரம்தான் வெடித்த லாரி டயர்களின் சுடுகாடு. ரப்பர் உரிந்துபோய், உள்ளே இருக்கிற மெல்லிய எஃகுக் கம்பிகள் ஊசி ஊசியாகக் கிடக்கும். அதில் ஒன்று. ஒட்டிக்கொண்டு கிளம்பினேன், இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாவதில்தான் சொல்ல இருக்கிறது. நாக்பூர் தாண்டிப் பெஞ்ச் காட்டு வழியாக என்.எச். 44 போகிறது. புலியும் மானும் கீழே கடந்துபோகட்டும் என்று சாலையையே தூண்மேல் தூக்கி, இரு பக்கமும் வெளிச்சமும் சத்தமும் காட்டுக்குள் போகாதபடி தடுப்பு எழுப்பியிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய சாலை. அதைத் தாண்டி சிவனிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பின் டயர் ஆடியது. சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தால் வெளியிலிருந்து எதுவும் குத்தவில்லை. டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம், ஓட்டை. முதல் பஞ்சரை ஒட்டிய கடையில் ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே போகிற ரப்பர் பட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டார்கள். கம்பிகளை ரிம்மில் பிடித்திருக்கிற நிப்பிள்களின் முனை இருநூறு முந்நூறு கிலோமீட்டர் டியூபை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் பட்டை ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் போனில் அடுத்த ஊர் ஓட்டல் தேடிக்கொண்டிருந்தேன்.

புது டியூபைப் போட்டாயிற்று, பட்டைக்குப் பதில் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றியாயிற்று. காற்றடிக்கப் போனால் கால் பம்பின் வாசர் கிழிந்துவிட்டது. நண்பன் பம்பைத் தேடிச் சிவனிக்குப் போனான். நான் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து ஒரு லாரி தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது.

"ஏனுங்க தம்பி, நம்பர் பிளேட் 45னா திருச்சிங்களா?"

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்கள். ரிக் முன்னால் போயிருக்க, குழாய் ஏற்றிய லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. மத்தியப் பிரதேசத்தில் பூமியைத் துளைக்கிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான் என்பது கேள்விப்பட்டதுதான், நேரில் பார்த்தது அன்று. டிரைவர் அண்ணன் ஒரு நீள ஓஸை எடுத்து லாரியின் பிரேக் காற்றுத் தொட்டியில் மாட்டினார். ஒரு நிமிடம், டயர் நிமிர்ந்துவிட்டது. காசு என்று வாயெடுத்ததற்கு, "காத்துக்குப் போயிக் காசுங்களா" என்றார். வண்டியிலேயே சமைத்த ரசமும் சோறும் கிடைத்தது. நண்பன் புதுப் பம்போடு திரும்பியபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மொத்தப் பயணத்திலும் ஆசையோடு நினைத்துப் பார்க்கிற ஒரே பஞ்சர் அது.

மூன்று, நான்கு: ஆணி, ஆணி. விடுங்கள்.

ஐந்தாவது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மணாலி தாண்டி ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் லாஹௌலில் வெளியே வந்ததும், சந்திக்கிற ஆளெல்லாம் "டயர் காற்றைக் குறை" என்றார்கள். காரணம் இருக்கிறது. மேலே ஏற ஏற வெளிக்காற்று மெலிகிறது, 5,000 மீட்டரில் கடல்மட்டத்து அழுத்தத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. கீழே 32 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்து மூடிய டயர் மேலே கேஜில் கூடுதலாகக் காட்டும், கல் ரோட்டில் குதிக்கும். ஆகவே கொஞ்சம் குறைப்பது சரி. நான் கொஞ்சமாகக் குறைக்கவில்லை. 22க்கு இறக்கினேன், பின்னால் முப்பது கிலோ மூட்டையை வைத்துக்கொண்டு. போதாததற்கு, தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்ற பிரபலமான பலகையைப் பார்த்து மிரண்டு அஞ்சு லிட்டர் கேன் வேறு. வண்டி லிட்டருக்கு 35 தருகிறது, டாங்கியே போதும். கேனைச் சுமந்ததுதான் மிச்சம்.

ஜிங்ஜிங்பார் தாண்டி ஒரு கூர்க்கல்லில் ஏறி இறங்கினேன். காற்றில்லாத டயர் நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. 4,000 மீட்டருக்கு மேலே டயர் லீவர் பிடிக்கிற வேலை எப்படி என்று சொல்கிறேன். விரல் மரத்துப்போய் லீவர் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கால் பம்பில் இருபது மிதி மிதித்தால் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும், மறுபடி இருபது. ஒட்டுவதற்குத் தெம்பில்லாமல் அடிலாபாத்–சிவனி ஒட்டுகளோடு இருந்த பழைய டியூபை மாட்டினேன். ஒரு மணி நாற்பது நிமிடம். நண்பன் உதவினான், நடுநடுவே தன் டயரைத் தட்டிக்கொடுத்தான்.

இன்ஜினைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். அதே நாள், அடுத்த நாள், பாரலாச்சா, கட்டா லூப்ஸின் 21 வளைவு, லாச்சுலுங்லா, கடைசியில் 5,328 மீட்டர் உயர டாங்லாங்லா கணவாய். எல்லா இடத்திலும் நண்பனின் 150 முதல் கியரில் அழுதுகொண்டு ஏறியது, அவன் ஒருமுறை இறங்கி ஓடியே வந்தான். என் வண்டி இரண்டாவது கியரில் தட், தட், தட்டென்று ஏறியது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் அந்த உயரத்தில் காற்றுப் போதாமல் கறுப்புப் புகை கக்கும். இது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், கூடவே அளவைக் குறைத்துக்கொண்டது. பாங் என்ற இடத்தில் காலை ஆறு மணிக்கு டென்ட் வாசலில் உறைபனி, ஒரே தட்டில் ஸ்டார்ட். 26 நாளில் இன்ஜின் ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. அதன் மேல் உட்கார்ந்து மோரே சமவெளியில் போன அந்த ஒரு மணி நேரத்துக்காக இந்த வண்டிக்கு எதையும் மன்னிக்கலாம் என்று தோன்றியது. சரியாக அந்தச் சமவெளியில்தான் ஆறாவது. பழைய ஒட்டு மெல்ல வாய்விட்டிருந்தது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை பம்ப், பிறகு ஓட்டு, பிறகு பம்ப். லே வரை அப்படியே போய்ச் சேர்ந்தோம். அங்கே பஞ்சர் கடையில் இரண்டு டியூபையும் ஒட்டி வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது ஓடையில் இறங்கி ஏறியதில் சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு புகுந்து, கியர் போட்டாலே இன்ஜின் அணைந்தது. கேலாங்கில் ஒரு மெக்கானிக் சிரித்துக்கொண்டே அந்த ஒயரை வெட்டி முறுக்கிவிட்டார். அது பழுது என்றே நான் கணக்கில் வைக்கவில்லை.

ஏழாவது ரூப்நகர் அருகே, சமவெளிக்கு இறங்கிய பிறகு. மேலே குறைத்த காற்றை ஏற்ற மறந்தேன். கீழே வர வர வெளிக்காற்று கனத்து டயர் இன்னும் சோர்ந்திருந்தது. சோர்ந்த டயர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், டியூபையும் கூட இழுக்கும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு சாய்ந்துகொண்டே போய், ஒருநாள் வேரோடு கிழியும். கிழிந்தது. அதற்கு ஒட்டே கிடையாது. கடையிலிருந்த வயசான சர்தார்ஜி வால்வின் அடி நட்டைக் காட்டி, ரிம்மோடு இறுக்காமல் மேலே தள்ளி வைக்கச் சொன்னார். வால்வு சாய்வது கண்ணுக்குத் தெரியட்டும், சாய்ந்தால் டயர் நகர்கிறது என்று அர்த்தம். பாதி பஞ்சாபி, பாதி கை ஜாடை. மூன்றரை வருடத்தில் சர்வீஸ் சென்டரில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. அங்கே நான் புலம்பியபோது கிடைத்தது, "ஸ்போக்குன்னா அப்படித்தான் சார்."

அப்படித்தானா? இதே இன்ஜினுக்கு அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் போட்டு இன்னொரு மாடலை அதே ஷோரூமில், பத்தடி தள்ளி நிறுத்தி, சில ஆயிரம் கூடுதலுக்கு விற்கிறார்கள். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கம்பி ரிம்தான் வண்டி மாதிரி இருக்கிறது என்று நின்று பார்த்து ரசித்து வாங்கியவன் நான். இன்னொரு நியாயமும் உண்டு: லே போகிற வழியில் சர்ச்சு என்ற இடத்தில் ஒரு வண்டியை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கல்லில் மோதி அலாய் ரிம் விரிசல் விட்டிருந்தது. கம்பி ரிம் வளையும், தட்டி நிமிர்த்தினால் ஓடும். என் ரிம் இன்றுவரை நேராக இருக்கிறது. ஆனால் மாப்ள, நீ போவது லேவுக்கு இல்லை. தில்லைநகரிலிருந்து துவாக்குடிக்கு. அந்த வழியில் கல் இல்லை, ஆணிதான் இருக்கிறது.

ஆகவே எடுக்காதே. அலாய் மாடல் எடு, இல்லாவிட்டால் வேறு கம்பெனி பார். இன்ஜின், ஏற்றம், தட் தட் எல்லாம் நான் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எடுக்காதே.

இன்று காலை நானும் அலாய் சக்கரம் மாற்ற விலை விசாரித்துவிட்டு வந்தேன். முன்னும் பின்னும் டயரோடு சேர்த்துக் கடைக்காரர் சொன்ன தொகை கட்டக்கூடியதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்து, பனியனோடு வாசலில் உட்கார்ந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பின் சக்கரத்தில் ஒன்றில் லேசாகத் துரு. உப்புத்தாள் போட்டிருக்கிறேன், போய்விடும்.