செப்டோப்ளாஸ்டியும் டர்பினேட் குறைப்பும்: யாருக்குப் பலன், எங்கே பிசகும்

"மூக்குல சதை வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்று சொன்னால், எந்தச் சதை என்று முதலில் கேளுங்கள். நம் ஊரில் அந்த ஒரே சொல் மூன்று பொருளில் புழங்குகிறது. மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் உள்ள கீழ் டர்பினேட் வீங்கியிருக்கலாம். உரித்த திராட்சைபோல் பாலிப் தொங்கலாம். குழந்தைகளானால் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு பெருத்திருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இங்கே மதிப்பிடுவது பெரியவர்களுக்குச் சேர்த்தே செய்யப்படும் இரண்டை: மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருந்தால் அதை நேராக்கும் செப்டோப்ளாஸ்டி, கீழ் டர்பினேட்டைச் சிறிதாக்கும் அறுவை.

அடைப்புக்குக் காரணம் வளைவுதான் என்று உறுதியானவர்களுக்கு இது நல்ல சிகிச்சை. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேரிடம் நடந்த நாய்ரோஸ் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. ஒரு பாதிக்கு செப்டோப்ளாஸ்டி, மறு பாதிக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர் ஸ்ப்ரேயும். 110க்குக் கணக்கிடும் தொந்தரவு மதிப்பெண், 6 மாதத்தில் அறுவை செய்தவர்களுக்கு சராசரி 19.9, ஸ்ப்ரே மட்டும் அடித்தவர்களுக்கு 39.5. குறைந்தால் நல்லது என்ற கணக்கு அது. வித்தியாசம் பெரியது.

ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டி.என்.எஸ்." (நடுத்தண்டு வளைவு) என்று இருப்பது மட்டும் அறுவைக்குக் காரணமாகாது. கொஞ்சம் வளைவு பலருக்கும் உண்டு, தொந்தரவே இல்லாமல். எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால் தண்டைச் சந்தேகிக்கலாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி அடைத்தால் டர்பினேட் வீக்கத்தை. மருத்துவர் வீக்கத்தைச் சுருக்கும் மருந்தை மூக்கில் அடித்து 10, 15 நிமிடம் கழித்துப் பார்ப்பார். நன்றாகத் திறந்துவிட்டால் வீக்கமே முக்கியக் காரணம்; திறக்காவிட்டால் எலும்பும் குருத்தெலும்பும். கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்ததும் மூச்சு சுலபமானால், மூக்கின் மிகக் குறுகிய இடமான வால்வு தளர்ந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் தண்டை மட்டும் நேராக்கினால் அடைப்பு அப்படியே நிற்கும். அறுவைக்குப் பிறகும் ஏமாற்றத்தோடு வருகிறவர்களில் இந்த வகையினர் உண்டு.

அலர்ஜி உள்ளவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அறுவை காற்றுப் பாதையை அகலமாக்கும். தும்மல், அரிப்பு, நீர் ஒழுகுவதை நிறுத்தாது. ஸ்ப்ரே பின்னரும் தொடரும். ஆகவே முதலில் 6 முதல் 8 வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்துப் பார்க்காமல் அறுவைக்குத் தேதி வாங்க வேண்டாம். ஒழுங்காக என்றால்: வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், முனை கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்தபடி. நடுத்தண்டை நோக்கி அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அடைப்பை உடனே திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகளை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கும். அதை நிறுத்திய பிறகுதான் மூக்கின் உண்மை நிலை தெரியும்.

செப்டோப்ளாஸ்டி பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஒரு மணி நேர அளவில் முடியும். வெளியே தழும்பு இராது. மூக்குக்குள் சிறு கீறல் போட்டு, சவ்வை இருபுறமும் தூக்கி, வளைந்த பகுதியை மட்டும் எடுப்பார்கள் அல்லது திருத்தி வைப்பார்கள். மேற்பக்கமும் முன்பக்கமுமாக "ட" வடிவில் குறைந்தது 1 செ.மீ. அகலக் குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும்; மூக்கைத் தாங்குவது அதுதான். அதிகம் வெட்டினால் மூக்கின் மேல்முதுகு உட்கார்ந்து சேணம்போல் பள்ளமாகும்.

டர்பினேட் விஷயத்தில் "லேசர், வலியில்லை" விளம்பரங்களைத் தள்ளிவைத்து, சவ்வை எவ்வளவு காப்பாற்றுவீர்கள் என்று கேளுங்கள். காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அந்தச் சவ்வு. ரேடியோ அலை, கோப்ளேஷன், மைக்ரோடிப்ரைடர் என்று முறை எதுவானாலும் சவ்வுக்கு அடியில் உள்ள திசுவைக் குறைப்பதே சரி. முழு டர்பினேட்டையும் வெட்டி எறிவதை ஏற்காதீர்கள். மூக்கு காய்ந்து, பொருக்கு கட்டி, பாதை அகலமாக இருந்தும் மூச்சே வராத உணர்வில் சிலர் ஆண்டுக்கணக்கில் தவிக்கிறார்கள். வெட்டியதைத் திருப்பி வைக்க முடியாது. தண்டு வளைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க டர்பினேட் இடத்தை நிரப்பப் பெருத்திருக்கும். தண்டை நடுவுக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பக்கம் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துச் செய்யக் காரணம் இதுதான்.

மூக்குத்தியை முன்பே கழற்றிவிடுங்கள். ரத்தக் கசிவை நிறுத்தக் கருக்கும் மின்கருவியால் அந்த இடம் சுடும் ஆபத்து உண்டு. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து மூக்கில் பஞ்சுப் பேக் வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் எடுப்பார்கள். பலருக்கு மோசமான கட்டம் அதுதான். உள்தையல் போட்டுப் பேக்கே வைக்காத மருத்துவர்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் முன்னைவிட அதிகம் அடைக்கும், பதற வேண்டாம். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது. ஆவி பிடிப்பதும் கொதிக்கும் ரசமும் முதல் வாரம் வேண்டாம். உப்புநீர் கழுவலுக்கு 240 மி.லி. கொதித்து ஆறிய நீரில் அரை டீஸ்பூன் அயோடின் இல்லாத உப்பு. குழாய் நீரை அப்படியே விடவே கூடாது.

வலி கூடிக்கொண்டே போய், இரு பக்கமும் முழுதாக அடைத்துக் காய்ச்சலும் வந்தால், சவ்வுக்கு அடியில் ரத்தமோ சீழோ கட்டியிருக்கலாம். அன்றே போய் வடிக்க வேண்டும், தாமதித்தால் குருத்தெலும்பு செத்துவிடும். மேல் முன்பற்கள் மரத்துப்போவது பெரும்பாலும் தானாகச் சரியாகும். தண்டில் ஓட்டை விழுவதும், தண்டும் டர்பினேட்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டலைத் தடுப்பது பின்னர் செய்யும் சுத்தம்தான். பேக்கேஜ் விலை கேட்கும்போது முதல் மாதத்தில் எத்தனை முறை உள்ளே சுத்தம் செய்வார்கள், அது அந்த விலைக்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். காப்பீடு இருந்தால், இந்த அறுவைக்கு 2 ஆண்டுக் காத்திருப்பு பல பாலிசிகளில் உண்டு. பில்லில் மூக்கழகு சம்பந்தமான சொல் ஒன்று நுழைந்தாலும் பணம் தர மறுக்க வாய்ப்புண்டு.