டர்பன் – சென்னை: துபாயா, அடிஸ் அபாபாவா, மொரீஷியஸா?

தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 7,080 கிலோமீட்டர். நேரடி விமானம் இருந்தால் ஒன்பது மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். 1860இல் ட்ரூரோ என்ற கப்பலில் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கிளம்பியவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்துதான் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இத்தனை பேர் வாழும் ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு நேரடி விமானம் இல்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். சரி, இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது மொரீஷியஸ். ஏறக்குறைய நேர்கோட்டிலேயே இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போய் ஏறினாலும் மொத்தம் 8,000 கிலோமீட்டர்தான். பறக்கும் நேரம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அங்கிருந்து சென்னைக்குத் தினமும் விமானம் கிடையாது. நாள் பொருந்தாவிட்டால் தீவில் தங்க வேண்டியதுதான். ஊர் சுற்றும் ஆசை இருந்தால் நல்லது. கல்யாணத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு ஒத்துவராது.

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா வழி சுமார் 9,100 கிலோமீட்டர், பறப்பது பன்னிரண்டரை மணி நேரம். இதற்கும் ஜோகன்னஸ்பர்க் போயாக வேண்டும். அடிஸ் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், தென்னாப்பிரிக்கா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே காத்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துபாய் வழிதான் தூரத்தில் அதிகம்: சுமார் 9,550 கிலோமீட்டர். டர்பனிலிருந்து துபாய்க்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து சென்னைக்கு நான்கு. அப்படியும் எங்கள் வீட்டுப் பெரியவர்களை நான் இந்த வழியில்தான் அனுப்புவேன். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறி, ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும்.

திரும்பி வரும்போதுதான் அதன் அருமை தெரியும். ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் அங்கேயே பாஸ்போர்ட் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, டர்பன் விமானத்துக்கு மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். தி.நகரில் வாங்கிய புடவைகள், பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம் என்று கனக்கிற பெட்டிகளை, இரவெல்லாம் தூங்காத எழுபது வயது அம்மா தள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். துபாய் வழியில் அந்த வேலையெல்லாம் டர்பனில் இறங்கிய பிறகுதான். வெளியே மகனோ பேத்தியோ காத்திருப்பார்கள்.

அப்புறம், டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் போகும் பயணம் நீளமாகவும் வரும் பயணம் குறைவாகவும் தோன்றும். வழிகளை ஒப்பிடும்போது மொத்தப் பயண நேரத்தை மட்டும் பாருங்கள். தனியாகப் போகும் இளைஞருக்கு அடிஸ் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். டர்பன்–ஜோகன்னஸ்பர்க் பகுதியும் அதே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.