பூனையை அடையாளம் கண்டு திறக்கும் கிண்ணம் என்று நம்பி 16,500 ரூபாயைப் பறிகொடுத்தேன்

ஒன்றுக்கு மேற்பட்ட பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். பணம் போய் 24 நாட்கள் ஆகின்றன. என் கடுவன் பூனை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மூன்று நாட்கள்தான் ஆகின்றன. ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், அடங்குவதாக இல்லை.

நங்கநல்லூரில் நானும் அம்மாவும் இருக்கிறோம். மூன்று பூனைகள், ஒரு நாட்டு நாய். மூத்தவள் செல்லம்மாவுக்கு 13 வயது. சிறுநீரகம் கெட்டுவிட்டதால் பாஸ்பரஸ் குறைத்த உணவு மட்டுமே கொடுக்கிறோம். கருப்பனுக்கு 6 வயது. சிறுநீரில் ஸ்ட்ரூவைட் என்ற தாதுப் படிகம் கண்டதிலிருந்து அவனுக்கும் தனி உணவு. அதோடு கண்டதையும் தின்றால் அந்த உணவைக் கொடுத்தே பயனில்லை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். குட்டி மின்னிக்கு நான்கு மாதம், ஒரு நாளைக்கு நான்கு வேளை. வளரும் குட்டிக்கான அந்த உணவின் வாசனைக்குத்தான் வீடே அலைகிறது, நாய் வீரன் உட்பட.

இதுவரை கதவை வைத்தே சமாளித்து வந்தோம். காலை ஆறரைக்குச் செல்லம்மா படுக்கையறையில், கருப்பன் சமையல் மேடையில், மின்னி குளிர்சாதனப் பெட்டியின் மேல், வீரன் வாசலில். இருபது நிமிடம் கழித்துக் கிண்ணங்களை எடுத்துவிட வேண்டும். சிக்கல் செல்லம்மாவிடம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்குப் பசி மந்தம். நான்கு வாய் தின்னும், போய்ப் படுக்கும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வரும். கிண்ணத்தை எடுத்துவிட்டால் பாதி வயிறுதான். பூனை தொடர்ந்து சில நாட்கள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நான் எட்டு மணிக்குப் பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் திரும்ப ஏழாகிறது. முழங்கால் வலியோடு அம்மா எத்தனை முறை குனிந்து நிமிர்வார்?

அதனால்தான் சிப்பைப் படித்துத் திறக்கும் கிண்ணத்தைத் தேடினேன். மூன்று பூனைகளுக்கும் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவு அடையாளச் சிப் இருக்கிறது. அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி பக்கத்தில் வரும்போது அதன் அலையில்தான் உயிர் பெற்றுத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால் மூடி திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவிகள் உண்மையிலேயே இருக்கின்றன. எனக்கு வந்தது அது இல்லை.

விற்றது, சமூக ஊடகத்தில் கடை விரித்திருக்கும் ஒரு செல்லப்பிராணிப் பொருள் விற்பனையாளர். இரவு ஒன்பதரைக்கு அவரே காணொளி அழைப்பில் வந்தார். இளைஞர்தான், அவ்வளவு பணிவு. நீல விரிப்பின் மேல் கிண்ணம். ஒரு செம்பட்டைப் பூனை நடந்து வந்தது, மூடி திறந்தது. பூனை விலகியது, மூடி மூடிக்கொண்டது. "பாருங்கள் அக்கா, சிப்பைப் படித்துவிட்டது" என்றார். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு யாருக்கு என்ன நோய் என்று கேட்டார். செல்லம்மாவைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. "எங்கள் அம்மாவின் பூனையும் சிறுநீரகம் கெட்டுத்தான் போயிற்று அக்கா" என்றார். குரல் கம்மியிருந்தது. நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்! "வருத்தப்படாதே தம்பி, நீ நன்றாகத்தான் பார்த்திருப்பாய்" என்றேன். அழைப்பை வைத்த ஐந்தாவது நிமிடம், செல்லம்மாவுக்கு ஒன்று, மின்னிக்கு ஒன்று என்று இரண்டு கிண்ணங்களுக்கு 16,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்தது கடையின் பெயரில் அல்ல, யாரோ ஒரு தனிநபரின் பெயரில். திரையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன்.

நான்காம் நாள் பெட்டி வந்தது. மின்னியைக் கிண்ணத்தருகே பிடித்து, சொன்னபடி பொத்தானை அழுத்தினேன். 'பீப்' என்று ஒலித்தது, பதிவாகிவிட்டது என்று நினைத்தேன். முதலில் வந்து மூக்கை நீட்டியவன் கருப்பன். மூடி திறந்தது. அடுத்து வீரன், அவனுக்கும் திறந்தது. அம்மா விளக்குமாற்றால் பக்கத்தில் கூட்டினார், விளக்குமாற்றுக்கும் திறந்தது.

அன்றிரவே கேட்டேன். "பூனைகளின் நடமாட்டத்தைக் கருவி கற்றுக்கொள்ள 15 நாட்கள் ஆகும் அக்கா, அணைத்துவிடாமல் அப்படியே வையுங்கள்" என்று பதில் வந்தது. வைத்தேன். இதை எழுதும்போது நெஞ்சு எரிகிறது. பொருளைத் திருப்பித் தருவதற்கு அவர்கள் கொடுத்திருந்த கெடு ஏழு நாட்கள். அது அந்தப் பதினைந்து நாட்களுக்குள் கரைந்துபோனது. அத்தனை நாளும் திறந்த வீட்டில் நுழைவதுபோல் கருப்பன் குட்டியின் உணவைத் தின்று தீர்த்தான்.

எட்டாம் நாள் மறுபடி கேட்டேன். முழு நாள் சார்ஜ் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பிறகு பூனையின் சிப் பழுதாக இருக்கும் என்றார்கள். மின்னியைக் கூடையில் வைத்து ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் கருவியைக் கழுத்தில் வைத்ததும் 15 இலக்கமும் பளிச்சென்று வந்தன. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்று பதில். வீடு வந்து கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் கொஞ்சம் மேடாக இருந்தது. நகத்தால் நெருடி உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் ஆங்கிலத்தில், அகச்சிவப்பு உணரி கொண்ட கிண்ணம் என்று அச்சடித்திருக்கிறது. எதிரே எது அசைந்தாலும் திறக்கும், அவ்வளவுதான். சிப்பைப் படிக்கும் பாகமே அதற்குள் கிடையாது.

அந்தப் படத்தையும் அனுப்பி 16,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒரு வரி. அதில் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

ஆறு நாட்களுக்கு முன்பு, விடியற்காலையில் கருப்பன் மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தான். கீழே மணல் உலர்ந்தே கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடிவயிற்றைத் தொட்டால் கல் போல இருந்தது, அலறினான். கடுவனுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாட்களில் இதயமே நின்றுவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். உணவு மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இத்தனை நாள் வேறு உணவைத் தின்னவிட்டது பெரிய தவறு என்றார் மருத்துவர். என்னிடம் பதில் இல்லை. மருத்துவச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த 16,500 ரூபாயைத்தான் கேட்கிறேன்.

கவனமாக இருங்கள் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கிண்ணம் திறப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பதிவு செய்யாத இரண்டாவது பூனைக்கு அது திறக்காமல் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியதில் ஒரே பூனைதான் இருந்தது. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துவிடுங்கள். நாள் கடத்தினால் நம்பாமல், ஏமாற்று என்று தெரிந்த அன்றே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகாரைப் பதிந்துவிட்டேன். இணைய விற்பனையாளர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நான் விடப்போவதில்லை. கடுவன் வளர்ப்பவர்கள் மணல் தட்டு நனைந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

இன்று இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நேற்று இரவு அதே காணொளி வேறொரு கடைப் பெயரில் என் கண்ணில் பட்டது. அதே நீல விரிப்பு, அதே செம்பட்டைப் பூனை. இரண்டு கிண்ணங்களின் விலை இப்போது 17,200 ரூபாய். கீழே ஒரு பெண், தன் வீட்டில் நான்கு பூனைகள், ஒன்றுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று எழுதியிருந்தார். "அக்கா, இரவு ஒன்பதரைக்கு அழைக்கிறேன்" என்று அவருக்குப் பதில் போட்டிருக்கிறார்கள்.