மாஸ்கிங் ஃப்ளூயிடும் பிர்ச் மரங்களும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக விடவேண்டிய இடத்தில் பூசி, காய்ந்ததும் ரப்பர்போல் உரித்தெடுக்கும் திரவம்) தள்ளுபடி விலைக்கு வந்திருக்கிறது, இலையுதிர்காலக் காட்டை நீர்வண்ணத்தில் வரைய அது தேவைதானா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள அல்கொங்குவின் பூங்காக் காடுகளை வரைவதற்காகச் சில ஆண்டுகளாக நான் ஒரே நிறுவனத்தின் புட்டியைத்தான் வாங்கி வருகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரும்பாலான புட்டிகளில் இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் காட்டில் செப்டம்பர் கடைசியில் சர்க்கரை மேப்பிள்கள் சிவந்து உச்சத்தைத் தொடும். அவை உதிரத் தொடங்கும்போது ஆஸ்பெனும் பிர்ச்சும் மஞ்சளாகும். அக்டோபர் நடுவில், ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் டமராக் பொன்னிறம் கொள்ளும். இத்தனை நிறங்களுக்கும் முன்னால் பிர்ச்சின் மெல்லிய வெள்ளைத் தண்டுகள் நிற்பதுதான் சிக்கல். 1917இல் அங்குள்ள கனூ ஏரியில் இறந்த கனடிய ஓவியர் டாம் தாம்சன், இந்தக் காட்டைச் சிறு மரப்பலகைகளில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். சிவப்பைப் பூசிவிட்டு அதன்மேலேயே வெள்ளைத் தண்டை இழுக்க அவரால் முடிந்தது. நீர்வண்ணத்தில் தாள்தான் வெள்ளை. ஒருமுறை நிறம் ஏறிவிட்டால் அந்த வெள்ளை முழுதாகத் திரும்பாது. ஆகவே தண்டு வரவேண்டிய இடத்தை முன்கூட்டியே இந்தத் திரவத்தால் மூடிவைக்கிறோம்.

மூடியபின் கிடைக்கும் சுதந்திரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாள் முழுவதையும் நனைத்து, நியூ கம்போஜ் மஞ்சளை இறக்கி, அது ஈரமாக இருக்கும்போதே குவினக்ரிடோன் பர்ன்ட் ஆரஞ்சைத் தொட்டுவிட்டால், தண்டுகளைச் சுற்றித் தூரிகையை நெளிக்கும் கவலையின்றி இரண்டும் தாமாகவே கலந்து பரவுகின்றன. தொலைவிலுள்ள ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கு ஃப்ரெஞ்ச் அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா பழுப்பைச் சேர்த்தால் சாம்பல் நிறம் பிறந்து, நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் போய் உட்கார்ந்து, காலைப் பனிமூட்டம் போலவே தெரியும். எல்லாம் காய்ந்தபின் ரப்பரை உரித்தெடுக்கும்போது வெள்ளைத் தண்டுகள் ஒவ்வொன்றாக வெளிப்படுவது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். புட்டியில் இருப்பது அடிப்படையில் ரப்பர் பால். உறையாமலிருக்க அம்மோனியா கலந்திருக்கிறார்கள். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அம்மோனியா கொஞ்சம் பறந்துவிடுவதால், பால் மெல்லக் கெட்டியாகி, மூடியின் புரிகளில் நூல் நூலாக ஒட்டத் தொடங்குகிறது. சரியாகக் கலக்கட்டும் என்று குலுக்கினாலோ குமிழ்கள் சேர்ந்து, காய்ந்த படலத்தில் ஊசித்துளைகள் விழுந்து, வெள்ளைத் தண்டின் நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள் முளைக்கின்றன. தூரிகையைச் சோப்பில் தோய்த்துவிட்டுப் பயன்படுத்தினாலும் அது நெடுநாள் தாங்குவதில்லை. மெல்லிய கிளைகளுக்கு, சீரான கோடு இழுக்க உதவும் ரூலிங் பேனாதான் சரிப்படுகிறது.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்க முடியாதது, உரிக்கும்போது தாளும் சேர்ந்து வருவது. பல நாள் விட்டாலும் ஹேர் டிரையரின் சூடு பட்டாலும் படலம் தாளோடு இறுகிவிடும் என்பது தெரிந்ததே. ஆனால் சென்ற வாரம், முந்தைய நாள் மாலை பூசி, சூடே காட்டாமல் காயவைத்த தாளில், நடுவிலிருந்த பெரிய தண்டு அடியிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு நாரோடு பிய்ந்து வந்தது. நீரைத் தாள் சட்டென்று உறிஞ்சாமல் தடுக்கும் மேற்பூச்சுப் பசை போய்விட்ட அந்த இடத்தில் நிழலுக்காக வைத்த நீலம் ஒற்றுத்தாளில் இறங்குவதுபோல் இறங்கிக் கறுத்துவிட்டது. தாளின் பங்கும் இதில் இருக்கலாம். நான் அன்று பயன்படுத்தியது மலிவான மரக்கூழ்த் தாள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள பருத்தித் தாளில் இப்படி நேர்ந்ததே இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

பிய்யாமல் வந்தாலும் வேலை முடிவதில்லை. திரவம் விட்டுச்செல்லும் ஓரம் கத்தரித்து ஒட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். பிர்ச் தண்டு அப்படித் தூய வெள்ளையாக நிற்பதே இல்லை; நிழல் பக்கம் ஊதா கலந்த நீலமாகவும், கீழே குவிந்த இலைகளின் பிரதிபலிப்பால் சற்றே ஆரஞ்சாகவும் இருக்கும். ஆகவே ஈரமான முரட்டுத் தூரிகையால் ஓரங்களைத் தேய்த்து மென்மையாக்கி, நிழலிட்ட பிறகே அது மரமாகிறது. பலர் இந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடுவதால்தான் அவர்களுடைய காடுகளில் சுண்ணாம்பு அடித்த கம்பங்கள் நிற்கின்றன.

இத்தனை புகழ்ந்த பிறகு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம்: நண்பரே, தள்ளுபடியானாலும் வாங்காதீர்கள். கடையில் நெடுநாள் கிடந்த சரக்கைத்தான் விலை குறைத்து விற்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பழைய ரப்பர் பால் எந்த விலைக்கும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல பருத்தித் தாள் வாங்கி, அகலமான தண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, தூரிகையாலேயே அவற்றைச் சுற்றி வண்ணம் தீட்டிப் பாருங்கள். அடுத்த அக்டோபரில் என் கோபம் தணிந்திருந்தால் வேறு பதில் சொல்வேன். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.