ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறாள்: 'ஏலியன்' 4கே டிஸ்க்

ரிட்லி ஸ்காட் இயக்கி 1979-இல் வெளியான விண்வெளித் திகில் படம் 'ஏலியன்'. அதற்கு நாற்பது வயதானபோது, 2019-இல், அதை 4கே டிஸ்க்காக, அதாவது சாதாரண ப்ளூ-ரேயைவிடத் துல்லியமான படத்தட்டாக, வெளியிட்டார்கள். ஓடிடியில் கிடைக்கிற படத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். நான் வாங்கியது படத்தின் நாயகி ரிப்ளிக்காக. 1979-இல் தியேட்டரில் ஓடிய வடிவம், 2003-இல் ஸ்காட் மறுபடி வெட்டி ஒட்டிய வடிவம் இரண்டும் இந்த ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. இரண்டிலும் ரிப்ளி கொஞ்சம் வேறு வேறு ஆளாகத் தெரிகிறாள். அந்த வித்தியாசத்தை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்க டிஸ்க்தான் வசதி. கதையின் முடிவு வரை சொல்லப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். டேங்க்குக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் நான் பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் டெஸ்ட் எடுத்து ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போட மாட்டேன். "மேடம், அஞ்சு நிமிஷ வேலைதான், போட்டுக் குடுத்துடுங்க" என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்து நிற்பார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலிருந்து நெருக்கடி, வேலை நிற்கிறது, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த நிமிடத்தில் 'முடியாது' என்று சொல்வது எப்படி இருக்கும் என்பதை இந்தப் படத்தைப் போல வேறெந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாஸ்ட்ரோமோ ஒரு சரக்கு இழுவைக் கப்பல். கப்பலில் ஏழு பேர். கேப்டன் டாலஸ், கேன், லாம்பர்ட் மூவரும் இறங்கி ஒரு கிரகத்தில் நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கேனின் ஹெல்மெட்டை உருக்கிக்கொண்டு ஏதோ ஒரு ஜந்து அவன் முகத்தில் ஒட்டியிருக்கிறது. ஏர்லாக்கில் நின்று திறக்கச் சொல்கிறார்கள். கேப்டனும் அடுத்த அதிகாரியும் வெளியே இருப்பதால் கப்பலில் அப்போது பொறுப்பு ரிப்ளியிடம். அவள் முதலில் கேட்பது, அது என்ன பொருள், தெளிவாகச் சொல்லுங்கள் என்று. உயிருள்ள ஏதோ ஒன்று, கதவைத் திற என்கிறார் டாலஸ். தனிமைப்படுத்தும் விதி 24 மணி நேரம் என்கிறாள் ரிப்ளி. அதற்குள் இவன் செத்துவிடுவான் என்கிறார். விதியை மீறினால் எல்லாருமே சாகலாம் என்கிறாள். இது உத்தரவு, காதில் விழுகிறதா என்று கேட்கிறார். விழுகிறது, பதில் 'இல்லை' என்கிறாள்.

ரிப்ளியாக நடிக்கும் சிகர்னி வீவர் இங்கே குரலை உயர்த்துவதே இல்லை. முகத்தில் வீம்பும் இல்லை. உள்ளே வர முடியாமல் தவிப்பது தன்னோடு வேலை பார்க்கும் ஆட்கள் என்ற வலி கண்ணில் தெரிகிறது, கை மட்டும் பட்டனுக்குப் போகவில்லை. அப்புறம் விஞ்ஞான அதிகாரி ஆஷ் அவளைக் கேட்காமலே கதவைத் திறந்துவிடுகிறான். படத்தில் அதற்குப் பிறகு நடக்கிற ஒவ்வொரு சாவும் அந்தக் கதவு வழியாக வந்ததுதான். ரிப்ளியின் வலிமை எங்கே என்று யாராவது கேட்டால் கடைசிச் சண்டையைக் காட்ட மாட்டேன், இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

2003 வடிவத்தில் இதற்குப் பிறகு ஒரு காட்சி கூடுதலாக வருகிறது. கேனை மருத்துவ அறையில் படுக்க வைத்த பிறகு, வெளியே நிற்கும் ரிப்ளியை லாம்பர்ட் ஓங்கி அறைகிறாள். எங்களை வெளியே சாக விட்டாயே என்ற கோபம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அறைஞ்சது தப்பில்லம்மா, நான் லாம்பர்ட்டா இருந்தா நானும் அறைஞ்சிருப்பேன்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ரிப்ளி செய்ததும் சரி. இரண்டு பெண்கள், இரண்டு பேருமே நியாயமானவர்கள், ஒருத்தி இன்னொருத்தியை அறைகிறாள். படம் யார் பக்கமும் சாயவில்லை. 'முடியாது' என்று சொன்னால் அதற்கு ஒரு விலை உண்டு, அதுவும் கூட வேலை பார்க்கிறவர்களிடமிருந்தே வரும் என்பதை இந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன. தியேட்டர் வடிவத்தில் இது இல்லாதது எனக்குக் குறைதான்.

லாம்பர்ட்டாக நடித்த வெரோனிகா கார்ட்ரைட் முதலில் ரிப்ளி வேடத்துக்குத்தான் வசனம் படித்துக் காட்டினார், அந்த வேடமே தனக்கு என்று நினைத்துக்கொண்டும் இருந்தார். டான் ஓபானன் எழுதிய மூலத் திரைக்கதையில், எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று குறிப்பே இருந்தது. ரிப்ளி பேசுகிற எந்த வசனத்திலும் 'பெண்ணாக இருந்தும்' என்கிற வாடை அடிக்காததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மேடை நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த வீவருக்கு சினிமாவில் முதல் பெரிய வேடம் இது.

அதே சமயம், அவள் பெண் என்பதைப் படம் மறக்கவும் இல்லை. கீழே இன்ஜின் பகுதியில் பார்க்கர், பிரெட் இரண்டு பேரும் போனஸ் பங்கு சரியாக வரவில்லை என்று படம் முழுக்கப் புலம்புகிறார்கள். எங்கள் ஆலை கேன்டீனில் தினமும் கேட்கிற பேச்சு. ரிப்ளி அங்கே போகும்போது நீராவி இரைச்சலில் அவள் பேசுவதே கேட்காதபடி இருக்கிறது. அவள் அங்கிருந்து கிளம்பியதும் சத்தத்தை நிறுத்துகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்ப்ரஸர் ரூமில் எனக்கு இதே மாதிரி நடந்திருக்கிறது. அதே பார்க்கர் பின்னால் ரிப்ளியின் திட்டத்தைக் கேட்டு வேலை செய்கிறான். அவனை நல்லவனாக்க ஒரு காட்சி வைத்து விளக்கவில்லை. அவள் சொல்வது சரியாக இருக்கிறது, அவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

இப்போது பார்க்கவே கஷ்டமான காட்சி ஒன்று. அந்த ஜந்துவைக் கொண்டு வருவதே முதல் வேலை, கப்பல் ஊழியர்கள் போனாலும் பரவாயில்லை என்று கம்பெனி ரகசிய உத்தரவு போட்டிருப்பதை ரிப்ளி கம்ப்யூட்டரில் தோண்டி எடுக்கிறாள். ஆஷ் ஒரு ரோபோ, கம்பெனியின் ஆள். அவளைத் தூக்கி எறிந்து, ஒரு பத்திரிகையைச் சுருட்டி அவள் வாயில் திணிக்கிறான். படம் தொடங்கியதிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள் ஒருத்திதான். கதவை ஏன் திறந்தாய் என்று மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்று ஆஷைக் கேட்டவளும் அவள்தான். அந்த வாயில்தான் காகிதத்தை அடைக்கிறார்கள். 4கே-யில் இந்தக் காட்சி பழைய டிஸ்க்கில் இருந்ததைவிடக் கொடூரமாக இருக்கிறது. ரத்தத்துக்குப் பதிலாக ஆஷின் நெற்றியோரம் வழியும் அந்த ஒற்றை வெள்ளைத் துளி அவ்வளவு துல்லியம்.

படத்தின் தரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூல நெகட்டிவ்விலிருந்து 4கே-யில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இருட்டு இருட்டாகவே இருக்கிறது, சாம்பல் பூக்கவில்லை. கடைசி அரை மணி நேரம் ரிப்ளி ஓடிக்கொண்டே இருக்கும்போது முகத்து வியர்வை, கழுத்தில் ஒட்டிய முடி, நடுங்கும் உதடு எல்லாம் தெரிகிறது. கப்பலை வெடிக்க வைக்கும் கருவி முன்னால் குனிந்து, பயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, ஒவ்வொரு படியாகச் செய்கிறாள் பாருங்கள், அங்கேதான் இந்தத் துல்லியத்தின் மதிப்பு புரியும். பயப்படுகிறாள், கை வேலையை விடவில்லை. ஃபிலிமுக்கே உரிய நுண்ணிய புள்ளிகளான கிரெய்னையும் துடைத்து எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒலி டிடிஎஸ் 5.1, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் அட்மோஸ் கிடையாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தப்பிக்கும் ஓடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு ரிப்ளி உடை மாற்றும் காட்சி. வேலை முடிந்த ஆள் உடுப்பைக் கழற்றிப் போட்டுத் தூங்கப் போவது இயல்பு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கேமரா அதுவரை அவளை ஒரு தொழிலாளியாகப் பார்த்துவிட்டு இங்கே வந்து வேறு மாதிரிப் பார்க்கிறது. அவ்வளவு கீழே கோணம் வைக்க வேண்டிய தேவை கதையில் இல்லை. பாதுகாப்பு என்று நினைத்த இடத்தில் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டத்தான் என்று சிலர் வாதாடுவார்கள். முழுக்கை உடையிலும் அதைக் காட்டியிருக்கலாம். 2003 வடிவத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கப்பல் வெடிக்கப் பத்து நிமிடம் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது, உயிரோடு கூட்டில் கட்டப்பட்ட டாலஸை ரிப்ளி பார்க்கும் காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள். தனியாகப் பார்த்தால் நல்ல காட்சி, அந்த இடத்தில் ஓட்டத்தைக் கெடுக்கிறது.

இதைப் பார்த்த கையோடு இதன் இரண்டாம் பாகமான 'ஏலியன்ஸ்' பார்க்காமல் இருக்க முடியாது. ஜேம்ஸ் கேமரூன் இயக்கியது, 1986. இதில் நடித்ததற்காக வீவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். விண்வெளி அதிரடிப் படம் ஒன்றுக்கு அது அபூர்வம். டிஸ்க்கில் 137 நிமிடத் தியேட்டர் வடிவமும் 154 நிமிடச் சிறப்பு வடிவமும் உண்டு. கூடுதலான அந்த 17 நிமிடத்தில் எனக்கு வேண்டியது ஒரே காட்சி.

முதல் படத்தின் முடிவில் தப்பித்த ஓடத்தில் ரிப்ளி ஆழ்துயிலிலேயே 57 வருஷம் மிதந்திருக்கிறாள். விழித்ததும் மகள் எங்கே என்று கேட்கிறாள். கம்பெனி ஆள் பர்க் ஒரு வயதான பெண்ணின் படத்தைக் கொடுக்கிறான். மகள் அமாண்டா 66 வயதில் இறந்துபோயிருக்கிறாள். பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்கிறாள் ரிப்ளி. அந்தப் புகைப்படத்தில் இருக்கும் முதிய பெண் வீவரின் சொந்த அம்மா. இந்தக் காட்சி முடிந்ததும் அடுத்தது என்கொயரி. நீளமான மேஜை, அதிகாரிகள். நீ வெடிக்க வைத்த கப்பலின் மதிப்பு 4 கோடியே 20 லட்சம் டாலர், சரக்கு தனி என்று கணக்குச் சொல்கிறார்கள். அவள் சொன்ன ஜந்துவை யாரும் நம்பவில்லை. லைசென்ஸை முடக்குகிறார்கள்.

விபத்துக்குப் பிறகு நடக்கும் என்கொயரியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்ன சேதம், எத்தனை நாள் உற்பத்தி போனது என்பதில்தான் பேச்சு தொடங்கும். அதனால் மகளைப் பற்றிய அந்தக் காட்சி முன்னால் வருவது எனக்கு முக்கியம். தியேட்டர் வடிவத்தில் கப்பலின் விலை மட்டும்தான் மேஜைக்கு வருகிறது. சிறப்பு வடிவத்தில், அந்த வேலை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று நமக்குத் தெரிந்திருக்கிறது, அந்த அறையில் பர்க்கைத் தவிர ஒருத்தரும் அதைப் பற்றி நினைக்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை.

மகள் போன இடத்தில், ஜந்துக்களிடமிருந்து தப்பித்துத் தனியாக நிற்கும் சிறுமி நியூட்டை வைத்துத் தாய்மையால்தான் ரிப்ளி வலிமையாகிறாள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. முதல் படத்தில் வெடிக்கப் போகிற கப்பலில் பூனைக்காக நின்றவள் அவள். ஒரு சிறுமியைத் தேடிக் கூட்டுக்குள் இறங்க அவளுக்குத் தனிக் காரணம் தேவையில்லை. இறுதியில் அவள் ராணி ஜந்துவோடு மோதுவதும் சரக்குத் தூக்கும் லோடர் இயந்திரத்தில் ஏறித்தான். அதை ஓட்ட அவளுக்கு இரண்டாம் வகுப்புத் தகுதி இருக்கிறது என்று படத்தின் முன்பாதியிலேயே சொல்லிவிடுகிறார்கள். லைசென்ஸ் போன பிறகு சரக்குத் துறையில் அந்த வேலை பார்த்துத்தான் பிழைத்திருக்கிறாள். ஜந்துக்களைத் தேடி அவளோடு போகும் ராணுவத்தார் அவளை ஏற இறங்கப் பார்க்கும்போது, இரும்புக் கால்களைத் தூக்கி வைத்து நடந்து போய் ஒரு பெட்டியை எடுத்து, எங்கே வைக்கட்டும் என்று கேட்கிறாள். எங்கள் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண்களுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார்கள்.

வாஸ்கெஸ் என்கிற படைவீராங்கனையைப் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் அவள் துணிச்சல் பிடிக்கும். ஆனால் லத்தீன் அமெரிக்கப் பெண்ணாக வரும் அந்த வேடத்தை ஜெனட் கோல்ட்ஸ்டீன் நிறத்தை ஒப்பனையால் மாற்றிக்கொண்டு நடித்தார். உண்மையாகவே அந்தப் பின்னணியிலிருந்து ஒரு நடிகையைத் தேடியிருக்க வேண்டும்.

'ஏலியன்ஸ்' படத்தின் 4கே டிஸ்க் 2024-இல் வந்தது. அதில் கிரெய்னை நீக்கி, முகங்களைக் கூராக்கியிருக்கிறார்கள். வீவரின் முகத்தில் மெழுகு பூசின மாதிரி இருக்கிறது. மகளின் படத்தைத் தடவும் அந்தக் காட்சியில் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிய வேண்டாமா? எனக்கு மனசு ஆறவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, எந்த நாட்டிலிருந்து வாங்கினாலும் 4கே பிளேயரில் ஓடும். ப்ளூ-ரேக்கு அப்படி இல்லை, இந்தியா சி ரீஜன், பார்த்து வாங்குங்கள். தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலம் உண்டு. தயாரிப்பு பற்றிய நீண்ட ஆவணப்படம் 'ஏலியன்' 4கே பெட்டியில் இல்லை. ஆனால் ஸ்காட்டோடு வீவர், கார்ட்ரைட் எல்லாரும் பேசும் விளக்க ஒலித்தடம் இருக்கிறது, அதைக் கேட்காமல் விடாதீர்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். முதல் முறை தியேட்டர் வடிவம், அடுத்து 2003 வடிவம் என்று பாருங்கள். இரண்டு படத்தில் ஒன்றுக்குத்தான் 4கே-யில் காசு என்றால் 'ஏலியன்' வாங்குங்கள். 'ஏலியன்ஸ்'க்குப் பழைய ப்ளூ-ரேயே போதும், மகள் காட்சி உள்ள சிறப்பு வடிவம் அதிலும் இருக்கிறது.