ஜிப்சம் பூச்சா, சிமென்ட் பூச்சா? தூசியை வைத்து ஓர் ஒப்பீடு

கடலூரில் வீடு கட்டுபவர்கள் உட்சுவருக்கு எந்தப் பூச்சு என்று யோசிக்கும்போது விலையையும் வழவழப்பையும்தான் பார்க்கிறார்கள். கொத்தனாரும் சித்தாளும் சுவாசிக்கப்போகும் தூசியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நுரையீரல்

சிமென்ட்: இதில் சேரும் ஆற்று மணலிலும் எம்-சாண்டிலும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) படிகச் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. மணல் சலிக்கும்போதும், காய்ந்த சுவரில் மின்குழாய்க்காகக் காடி வெட்டும்போதும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் அடிவரை போகின்றன. பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பேறும் சிலிக்கோசிஸ் நோய் வரலாம். அதைக் குணப்படுத்த மருந்தே இல்லை. 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது.

ஜிப்சம்: சிலிக்கா பொதுவாகக் குறைவு. ஆனால் கண், மூக்கு, தொண்டை எரியும், இருமல் வரும். மூட்டையைக் கொட்டும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் அறை முழுக்க வெண்தூசி பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

தோல்

சிமென்ட்: ஈரக் கலவையின் காரம் கையைப் புண்ணாக்கும். கையுறை கட்டாயம்.
ஜிப்சம்: வறட்சி, லேசான அரிப்பு.

ஈரம்

சிமென்ட்: தாங்கும்.
ஜிப்சம்: தாங்காது. தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் வெளிச்சுவருக்கு நினைக்கவே வேண்டாம்.

ஆகவே கூடம், படுக்கையறைக்கு ஜிப்சம். குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் சிமென்ட். முகத்தில் சுற்றும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. வேலையாட்களுக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்; காடி வெட்டும் முன் சுவரை நனையுங்கள்; தூசியை உலர்ந்தபடி பெருக்கவிடாதீர்கள்.