வடசென்னை ஆவணங்களுக்கு எந்தப் பகுப்பு முறை பொருந்தும்?

வடசென்னையின் படிப்பகமோ, மீனவர் சங்கமோ, தொழிற்சங்க அலுவலகமோ தன்னிடம் சேர்ந்துள்ள புகைப்படங்கள், துண்டறிக்கைகள், ஒலிப்பதிவுகள், பத்திரிகை நறுக்குகள் ஆகியவற்றைக் கணினியில் ஏற்றி ஒழுங்குபடுத்த முனைந்தால், டூயி தசமப் பகுப்பு, ரங்கநாதனின் கோலன் பகுப்பு என்னும் இரு நூலகப் பகுப்பு முறைகள், அவரவர் விருப்பப்படி இடும் குறிச்சொற்கள் என மூன்று வழிகள் அதன் முன் இருக்கின்றன. அலமாரியில் அடுக்கும் நூல்களுக்கு முதலாவது போதும். ஆவணங்களுக்கு இரண்டாவதன் எளிய வடிவமே உகந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே ஒரு படத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகில் சென்று அதைக் கையால் அள்ளினார்கள். எண்ணெய் அப்பிய வலையும், பாதி நிரம்பிய பீப்பாயும், முழங்கைவரை கறுத்த கைகளும் தெரியும் ஒரு படம் நம்மிடம் வந்திருப்பதாகக் கொள்வோம்.

1876-இல் வெளிவந்த டூயி முறை, அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகப் பிரித்துச் செல்கிறது. அதன்படி இந்தப் படம் மீன்பிடித் தொழிலுக்கான 639.2-இலும் இருக்கலாம், நீர் மாசுக்கான 363.7394-இலும் இருக்கலாம், தமிழ்நாட்டு வரலாற்றுக்கான 954.82-இலும் இருக்கலாம். மூன்றுமே சரி என்றாலும், பகுப்பாளர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும் என்பதால் அலமாரிக்கு இந்தக் கட்டுப்பாடு தேவை. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811-இல் ஒருசேர நிற்பது வாசகருக்கு நல்ல வசதி. கணினிக் கோப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலும், ஒரு பகுதியின் ஆவணங்களை மட்டும் வைத்திருக்கும் இடத்தில் 954.82 என்ற எண் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுவதால், அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஒரு பொருளை எந்தப் பெட்டியில் போடுவது என்று கேளாமல், அது எந்தெந்தக் கூறுகளால் ஆனது என்று அது கேட்கிறது. ஆளுமை, பொருள், செயல், இடம், காலம் ஆகிய ஐந்து அடிப்படைக் கூறுகளை ரங்கநாதன் வகுத்தார். நம் படத்துக்கு மீனவர், எண்ணெய், அள்ளுதல், எண்ணூர்க் கழிமுகம், 2023 என்று ஐந்தும் தயங்காமல் வந்து அமர்கின்றன. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் மக்கள் வாளிகளில் கசடை அள்ளினார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இந்த இரு நிகழ்வுகளின் படங்களையும் காலமும் இடமும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. எண்களும் நிறுத்தக்குறிகளும் கோத்த கோலன் பகுப்பின் குறியீட்டைத் தன்னார்வலர் எவரும் மனத்தில் நிறுத்த மாட்டார்கள் என்பது உண்மைதான். அந்தக் குறியீட்டை விட்டுவிட்டுக் கூறுகளை மட்டும் எக்செல் தாளில் தனித்தனி நெடுவரிசைகளாக வைத்துக்கொண்டாலே போதும்.

குறிச்சொற்களுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆனால் ஒருவர் ‘ஆயில் கசிவு’ என்றும், மற்றொருவர் ‘எண்ணெய்ப் படலம்’ என்றும், வேறொருவர் ‘என்னூர்’ என்றும் எழுதிவிட்டால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றவை கிடைக்காமல் போகும். அதற்காக அவற்றை ஒதுக்கிவிடவும் கூடாது. வாடை, கொண்டல், கச்சான் என்று கடலோரத்தார் பெயரிட்டு அழைப்பவற்றையெல்லாம் வெளியிலிருந்து வரும் சொற்பட்டியல் ‘காற்று’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆகவே குறிச்சொற்களை மூலப்பொருளாகச் சேகரித்து, அவற்றிலிருந்தே நம் சொற்பட்டியலை உருவாக்க வேண்டும்.

எந்த முறையை எடுத்தாலும் சொற்பட்டியலைப் பராமரிப்பதில்தான் உழைப்பு மிகுதி. பின்னி மில், பி அண்டு சி மில், பக்கிங்காம் கர்நாடிக் மில் என்று பலவாறு எழுதப்படுவதில் ஒன்றைத் தலைச்சொல்லாக, அதாவது பட்டியலின் முதன்மைச் சொல்லாக வைத்து, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும், எம்.கே.பி. நகருக்கும் மகாகவி பாரதி நகருக்கும் அப்படியே. இடப்பெயர்களை மாநகராட்சி மண்டலங்களின்கீழ் அடுக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் திருவொற்றியூர் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் அது தனி நகராட்சி. எல்லைகள் மாறக்கூடியவை என்பதால், ஊர்ப்பெயரையே அடிப்படை அலகாக வைத்து, மண்டலத்தைத் தனி நெடுவரிசையில் குறிப்பது பாதுகாப்பானது.

நிறுவனப் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. குடியிருப்பவர்கள் பலர் ‘ஹவுசிங் போர்டு’ என்றே சொல்கிறார்கள். ஆவணத்தின் தலைப்பில் உள்ள சொல்லை மாற்றாமல், மூன்று பெயர்களில் எதைத் தேடினாலும் அதே ஆவணங்கள் வரும்படி இணைக்க வேண்டும். பழைய பதிவுகளில் மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தால், அதை மூலத் தலைப்பில் மட்டும் விட்டுவைத்து, அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரையே தலைச்சொல்லாக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. புதிய சொல்லைச் சேர்க்கும் பொறுப்பை இருவரிடம் மட்டும் ஒப்படைத்து, ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்று இரண்டு வரி எழுதி வைத்தால், பின்னால் வருபவர்களும் அதே பட்டியலைத் தடுமாற்றமின்றித் தொடரலாம்.